ரேக்கில் கை வைக்கும் முன் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளம் தெரியாமல் இடது முன்சக்கரம் பலமாக இறங்கிவிட்டது. அதிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, பிரேக் போட்டால் இன்னும் அதிகமாக. வேகத்தடையிலும் மண் ரோட்டிலும் முன்னால் 'டக் டக்' சத்தம். 80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மூன்று தடவை அலைன்மெண்ட் பார்த்தாயிற்று, இரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் பழைய கதைதான். முன் டயர் இரண்டுமே உள்பக்கம் தேய்கின்றன, இடது கொஞ்சம் கூடுதல். ஒர்க்‌ஷாப்பில் 'ஸ்டீயரிங் ரேக் லீக், மாற்றினால்தான் சரியாகும், 24 ஆயிரம் ஆகும்' என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். 'ரேக் லீக்' என்ற வார்த்தையே உங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. ஸ்விஃப்ட்டில் இருப்பது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். பம்ப் கிடையாது, எண்ணெய் டப்பா கிடையாது, ஹோஸ் கிடையாது. மோட்டார்தான் உங்கள் கைக்கு உதவுகிறது. ரேக்குக்குள், அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டுப் பெட்டிக்குள், இருப்பது கிரீஸ் மட்டும். அங்கே ஈரமாக ஏதாவது தெரிந்தால், அது பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட்டின் (முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கிழிந்த ரப்பர் பூட்டிலிருந்து தெறித்த கிரீஸாக இருக்கும். இல்லையென்றால் கியர்பாக்ஸ் ஆயில் சீலிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ வழிந்து காற்றில் பரவிய எண்ணெய். ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் பெல்லோ (மடிப்பு மடிப்பான உறை) கிழிந்து தண்ணீர் புகுந்து உள்ளே துருப் பிடிப்பது உண்டு. அதை லீக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டியைத் தூக்கி, எங்கே ஈரம் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் பல தொல்லைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதில்தான் பணம் போகிறது. இழுப்பது, பிரேக்கில் அதிகமாக இழுப்பது, அலைன்மெண்ட் நிற்காதது, டயர் தின்பது இவை ஒரு குடும்பம். நடுக்கம் பெரும்பாலும் தனி. சத்தம் முதல் குடும்பத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். பள்ளத்தில் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தது என்பதால் என் முதல் சந்தேகம் இடது லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) பின் புஷ் (ரப்பர் தாங்கி) மீது. இரண்டாவது, அந்த ஆர்மே லேசாக வளைந்திருப்பது. நடுக்கத்துக்கு அடிபட்ட ரிம்.

ஏன் பின் புஷ்? லோயர் ஆர்மின் ஒரு முனையில் பால் ஜாயிண்ட், அது சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளைப் பிடித்திருக்கிறது. மறுபக்கம் இரண்டு புஷ்கள் வழியாக சப்ஃப்ரேமில் (அடியிலுள்ள துணைச் சட்டம்) மாட்டியிருக்கிறது. பிரேக் போடும்போது ரோடு சக்கரத்தைப் பின்னால் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு பின்னால் உள்ள பெரிய புஷ்ஷுக்கு. அதன் ரப்பர் கிழிந்தால் சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னால் போய்விடும். அந்தப் பக்கம் கேஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) குறையும், டோவும் (மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். எந்தப் பக்கம் கேஸ்டர் குறைவோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். பிரேக்கை விட்டால் சக்கரம் ஏறக்குறைய பழைய இடத்துக்குத் திரும்பும்.

மூன்று அலைன்மெண்ட்டும் வீணானதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மெஷின் மேல் வண்டி சும்மா நிற்கிறது. யாரும் 60இல் வந்து பிரேக் போடுவதில்லை. புஷ் கிழிந்திருந்தாலும் திரையில் எல்லாம் பச்சை காட்டும். வெளியே வந்து நாலு வேகத்தடை ஏறி இறங்கியதும் ஆர்ம் வேறு இடத்தில் போய் உட்காரும். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மெண்ட் செய்யக் கூடாது என்பது அந்த வேலை செய்பவர்களுக்கே தெரியும். தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லும் கடைகள் குறைவு, அவ்வளவுதான்.

சரி, சந்தேகத்தை உறுதி செய்ய வேண்டும். காசு செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடேறாதபோது காற்று பாருங்கள். டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு முன்சக்கரம் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மூன்று நான்கு பி.எஸ்.ஐ. வித்தியாசமே வண்டியை இழுக்க வைக்கும். அடுத்து, சமதளமான, ஆளில்லாத ரோட்டில் 50, 60இல் போய்ப் பாருங்கள். நம் ரோடுகள் மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரமாகச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் நல்ல வண்டிகூட மெதுவாக இடப்பக்கம் நகரத்தான் செய்யும். சரிவில்லாத இடத்தில் இழுத்தால்தான் கணக்கு.

பிறகு முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு அதே ரோட்டில் ஓட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர். உள்ளே பெல்ட் ஒருபக்கமாகத் தளர்ந்திருக்கும். மாறாமல் இடப்பக்கமே இழுத்தால் டயரை விட்டுவிடலாம். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் பக்கம் மாற்றாமல் அதே பக்கத்தின் பின்சக்கரத்தோடு மாற்றிப் பாருங்கள்.

பிரேக்கையும் விலக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, இரண்டு முன் ரிம்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்க காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதி) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது: ஸ்லைடு பின் இறுகியிருக்கும், அல்லது பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கும். இதில் பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பிரேக் போடும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால் இடது பிரேக்கைக் கழற்றுவார்கள். கோளாறு வலப்பக்கத்தில் இருக்கலாம். வலது காலிப்பர் சரியாகப் பிடிக்காவிட்டால் வேலை முழுவதையும் இடது பிரேக் செய்யும், வண்டி இடப்பக்கம் போகும். இரண்டையும் பாருங்கள்.

இனி புஷ்ஷுக்கான ஓட்டச் சோதனை. மூன்றாவது கியரில் 40இல் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்தமாகக் கொடுங்கள், சட்டென்று விடுங்கள், திரும்பக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் ஸ்டீயரிங் லேசாக விலகினால், சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். புஷ் போனதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் ஓட்டும்போது கிடைக்காது.

இனி வண்டியைத் தூக்க வேண்டும். சமதரை, ஹேண்ட்பிரேக், முதல் கியர், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கினாலும் நிற்க வேண்டியது ஸ்டாண்டில். கதவுக்குக் கீழே விளிம்பில் காட்டியிருக்கும் இடங்களில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இவ்வகை முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கின் பாரம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வழியாகப் போவதால், சக்கரம் தொங்கும்போதுதான் பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் வெளிப்படும். ஆகவே லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுக்கக் கூடாது.

சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடம், உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வேறொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

அடுத்து 9, 3 இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இது டை ராடு எண்ட் (ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் வெளிமுனை), அதற்கு உள்ளே பெல்லோவுக்குள் இருக்கும் ரேக் எண்ட் இரண்டுக்குமான சோதனை. ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒரு கையை டை ராடு எண்ட் மேலும் மறு கையைப் பெல்லோ மேலும் வைத்துப் பார்த்தால் எது 'டக்' என்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். இதைவிட நம்பகமானது வண்டி தரையில் நிற்கும்போது செய்வது: எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஒரு சாண் அளவுக்கு வேகமாக அசைக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்ப்பது. சக்கரத்தில் பாரம் இருப்பதால் சின்ன ஆட்டமும் மறைய முடியாது.

புஷ்ஷுக்கு ஒரு நீள லிவர் வேண்டும், அல்லது சிறிய கடப்பாரை. சப்ஃப்ரேமுக்கும் ஆர்முக்கும் நடுவே கொடுத்து நெம்புங்கள். நல்ல ரப்பர் லேசாக நெளிந்து திரும்பும். கிழிந்ததில் வாய் பிளப்பதுபோல் விரிசல் திறக்கும், நடுவிலுள்ள இரும்புக் குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மேலோட்டமான நுண்வெடிப்புகள் வயதால் வருபவை, அதைக் காட்டி மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வலது ஆர்மையும் இதேபோல் நெம்பிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அளவுகோல்.

சத்தத்துக்கு வருகிறேன். வேகத்தடையிலும் சிறு பள்ளத்திலும் 20, 30 வேகத்தில் 'டக் டக்' என்று வருவதற்கு, இந்தக் கிலோமீட்டரில், முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி. விலை குறைவு, மாற்றுவதும் எளிது. இரண்டு முன்சக்கரங்களும் தரையில் இருக்கும்போது, அல்லது இரண்டுமே தொங்கும்போது, லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி லிங்க்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. சந்தேகம் தீரவில்லையா? இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, அதே சத்தம் வந்த தெருவில் 20 வேகத்தில் ஒரு சுற்று போங்கள். சத்தம் நின்றால் லிங்க், அல்லது பாரைச் சப்ஃப்ரேமோடு பிடிக்கும் டி-புஷ். அந்த நிலையில் வளைவுகளில் வண்டி அதிகம் சாயும், மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சத்தம் நிற்காவிட்டால் மேலே பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மற்றவர் காயில் ஸ்பிரிங் மேல் கை வையுங்கள், விரல் சுருளுக்கு நடுவே போகாமல். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் நின்று நின்று 'டங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் போய்விட்டது. திருப்பம் முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாததும் இதன் வேலையே. ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை பானெட்டை அமுக்கி விட்டுப் பார்ப்பது அவ்வளவாக நம்ப முடியாத சோதனை. முற்றிலும் செத்ததை மட்டும்தான் காட்டும். ராடைச் சுற்றி லேசான கசிவுப் படலம் பரவாயில்லை, எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் மாற்ற வேண்டும், அதுவும் ஜோடியாக.

நடுக்கம். ஸ்டீயரிங்கில் நடுக்கம் என்றால் முன்சக்கரம், சீட்டிலும் தரையிலும் என்றால் பின்சக்கரம். இது உறுதியான விதி அல்ல என்றாலும் தேடலை அங்கே தொடங்கலாம். 80இல் வந்து 110இல் குறைகிறது என்றால் பேலன்ஸ் அல்லது ரிம். பிரேக் போடும்போது மட்டும் என்றால் டிஸ்க் சமமாக இல்லை. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட். உங்கள் வண்டியில் இடது முன்சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் ஏற்றி, எடை ஒட்டும் முன் சும்மா சுழலவிட்டு ரிம்மின் உள்விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் அடிபடும் ரிம் பெரும்பாலும் உள்விளிம்பில்தான் நசுங்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. அது மேலும் கீழும் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் எத்தனை கிராம் எடை ஒட்டினாலும் பயனில்லை. இரும்பு ரிம்மைத் தட்டி நிமிர்த்தப் பார்க்கலாம், ஆனால் புதிய இரும்பு ரிம் வாங்குவதே நல்லது. டயரின் பக்கச் சுவரில் முட்டைபோல் எங்காவது புடைத்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இருந்தால் அந்த டயர் அன்றே ஓய்வு பெற வேண்டும்.

டயரின் தேய்மானம் சொல்வதையும் கேளுங்கள். உள்ளங்கையை டிரெட் மீது வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் உறுத்தினால் டோ தவறு. உள்ளே தடவும்போது வழவழப்பு என்றால் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியது), வெளியே தடவும்போது வழவழப்பு என்றால் டோ-அவுட் (வெளியே திரும்பியது). உறுத்தல் இல்லாமல் உள்விளிம்பு மட்டும் சீராக மழுங்கியிருந்தால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு. டோ கெட்டால் இரண்டு முன் டயரும் தேயும், ஏனென்றால் ஓடும்போது சக்கரங்கள் அந்தத் தவறைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். கேம்பர் கெட்டால் அந்த ஒரு டயர் மட்டும். உங்களுடையதில் இரண்டும் தேய்ந்து இடது கூடுதல் என்பதால் டோ நிச்சயம், இடது கேம்பரும் சேர்ந்திருக்கலாம். தேய்மானம் டிரெட் பள்ளத்திலுள்ள குறியைத் தொட்டுவிட்டால், அதாவது 1.6 மில்லிமீட்டர், மாற்றியாக வேண்டும். உள்விளிம்பில் கம்பி தெரிகிறதா என்று ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது அது கண்ணில் படாது.

புஷ் போயிருப்பது உறுதியானால், பழைய ஆர்மில் புஷ்ஷை மட்டும் பிரஸ் செய்து போடுவதைவிட ஆர்ம் அசெம்பிளியாக மாற்றச் சொல்வேன். பள்ளத்தில் அடிபட்ட ஆர்ம் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு, 1,12,000 ஓடிய பால் ஜாயிண்ட்டும் கூடவே புதிதாகிவிடும். மாட்டும்போது ஒரு விஷயத்தில் நீங்களே பக்கத்தில் நின்றாக வேண்டும். புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக் கூடாது. கையால் ஏற்றி வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகுதான் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) முழுமையாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கின நிலையிலேயே பூட்டப்பட்டு, ஓடும்போது எந்நேரமும் இழுபட்டு, சில மாதங்களில் கிழியும். 'ஒரிஜினல் போட்டும் நிற்கவில்லை' என்ற புலம்பல்களில் பல இந்த இறுக்கத்தில் வந்தவை. பழைய லாக் நட்டுகளைத் திரும்பப் போட அனுமதிக்காதீர்கள்.

டை ராடு எண்ட் மாற்றினால், கழற்றும் முன் லாக் நட் இருக்கும் இடத்தில் பெயிண்ட் குறி வைத்து, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால் அலைன்மெண்ட் கடைவரை வண்டி ஒழுங்காகப் போகும்.

அலைன்மெண்ட் கடைசியில். ஸ்விஃப்ட்டில் முன்னால் சரிசெய்ய முடிவது டோ மட்டும். கேம்பருக்கும் கேஸ்டருக்கும் திருகு எதுவும் கிடையாது. அதனால் அலைன்மெண்ட்டுக்கு முன் ஒன்றும் அதற்குப் பின் ஒன்றுமாக மெஷினின் இரண்டு பிரிண்ட்டும் கேட்டு வாங்குங்கள், 'பின்' பிரிண்ட்டில் டோ பச்சையாக இருப்பதோடு நிற்காமல் இடது வலது கேம்பரைக் கழித்துப் பாருங்கள், கேஸ்டரையும். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. வண்டி கேம்பர் அதிக நேர்மறையாக (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்ந்து) உள்ள பக்கம் இழுக்கும், கேஸ்டர் குறைந்த பக்கமும் இழுக்கும். புதிய ஆர்ம் போட்ட பிறகும் இடது கேஸ்டர் குறைவாகவே இருந்தால் சப்ஃப்ரேம் நகர்ந்திருக்கலாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இருபக்கமும் டேப்பில் அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும். இடது கேம்பர் மட்டும் அதிக எதிர்மறையாக (மேல்பக்கம் உள்ளே சாய்ந்து) இருந்தால் ஸ்ட்ரட் வளைந்திருக்கும். ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் இரு பக்க டை ராடுகளிலும் சரிசெய்ய வேண்டும். வீலைக் கழற்றிப் பல் மாற்றி மாட்டும் குறுக்குவழியை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் பாக்கி இருந்தால்தான் ரேக் பற்றிப் பேச வேண்டும். ரேக் தேய்ந்தால் அதன் சத்தம் காதில் கேட்பதைவிடக் கையில் அதிகம் தெரியும். கரடுமுரடான ரோட்டில் நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கில் தட்டுவது போலிருக்கும், லேசாகத் திருப்பிப் பிடித்தால் குறையும். ஸ்டீயரிங் தண்டிலுள்ள ஜாயிண்ட்டும் இதேபோல் தட்டும், அதை முதலில் கையால் பிடித்துப் பாருங்கள். ரேக் எண்ட் மட்டும் போயிருந்தால் அது தனியாகக் கிடைக்கிறது, முழு ரேக் வேண்டாம். ரேக்கின் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் இறுக்கிவிட்டுச் சத்தத்தை நிறுத்தித் தருவதாக யாராவது சொன்னால், வேலை முடிந்ததும் திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராகிறதா என்று ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அதிகம் இறுகினால் திருப்பின இடத்திலேயே நிற்கும், அது சத்தத்தைவிட ஆபத்து.

வேலை முடிந்து முதல் 100 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சில் பாருங்கள். 500இல் டயரை மறுபடி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ரம்பம் திரும்ப உறுத்தினால் அலைன்மெண்ட் கடைக்குப் போகாமல், ஆர்ம் மாட்டிய கடைக்கு அந்த இரண்டு பிரிண்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.